கைமாற்றும் கையெழுத்தும்: பணம் புழங்கும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நமக்குள் எழுத்தெல்லாம் எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கைமாற்றிக்கொள்வதுதான் முதல் தவறு. எழுதச் சொன்னால் சந்தேகப்படுவதாக அர்த்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பணத் தகராறுகளில் யாரும் பொய் சொல்வதில்லை. "ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னாயே" என்கிறார் கொடுத்தவர். "கையில் பணம் வந்ததும் தருகிறேன் என்றுதானே சொன்னேன்" என்கிறார் வாங்கியவர். இருவரும் தம் நினைவில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள்.

இது இன்று வந்த கவலை அல்ல. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டத்திலேயே இதற்கு ஒரு விதி உண்டு: வணிகரிடம் பணம் கொடுத்த முகவர் முத்திரையிட்ட ரசீது வாங்கத் தவறினால், அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது.

எழுதியும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அரைகுறையாக எழுதுவதால் வரும் வினை அது. வட்டியையே பாருங்கள். 1,00,000 கடனுக்கு "2 சதவீதம் வட்டி" என்று மட்டும் எழுதினால் என்ன பொருள்? ஆண்டுக்கு என்றால் 2,000. மாதத்துக்கு என்றால் ஓராண்டில் 24,000. மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஏறத்தாழ 26,824. தவணைக் கடனில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், சிலர் கடைசி வரை முழு அசலுக்கே வட்டி போடுவார்கள். ஓராண்டில் 12 சமத் தவணைகளாகக் கட்டும் கடனுக்கு இப்படி 12 சதவீதம் வாங்கினால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். கணக்குத் தெரிந்தவர் தெரியாதவரிடம் இதை விளக்காமல் கையெழுத்து வாங்குவது, சட்டம் அனுமதித்தாலும், நியாயமல்ல.

ஆகவே தொகை, கொடுத்த தேதி, திருப்பித் தர வேண்டிய தேதி, வட்டிக் கணக்கு, தவணை தவறினால் என்ன செய்வது ஆகிய எல்லாவற்றையும் எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டும் இருக்கும் காகிதம் மற்றவர் தலைக்கு மேல் தொங்கும் கத்திதான்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். கடன் கொடுப்பவராக இருந்தால், அப்படிக் கேட்கவும் கேட்காதீர்கள்.

ஜாமீன் கையெழுத்தை வெறும் சிபாரிசு என்று எண்ணிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. வாங்கியவர் கட்டாவிட்டால் அந்தக் கடன் உங்கள் கடனாகிவிடும். முழுத் தொகையையும் உங்களால் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

தவணை கட்ட முடியாமல் போவது யாருக்கும் நேரலாம். அப்போது தொலைபேசியை எடுக்காமல் ஒளிவதுதான் உறவைக் கெடுக்கிறது. கெடு தேதிக்கு முன்பே, "இந்த மாதம் பாதிதான் முடியும், மீதியை இந்தத் தேதிக்குள் தருகிறேன்" என்று சொல்பவரைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். கொடுத்தவரும் அந்தப் புதிய தேதியை எழுதிக்கொண்டு, அதுவரை நச்சரிக்காமல் இருக்க வேண்டும்.

கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். கடைசித் தவணையோடு பலர் நிம்மதியாக எழுந்து போய்விடுகிறார்கள். அன்றே "கடன் முழுவதும் தீர்ந்தது" என்று எழுதி வாங்கி, கையெழுத்துப் போட்ட மூலப் பத்திரத்தையும் கேட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.