ஐ2பிடி ஓட்ட ஆரம்பிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ2பிடிங்கிறது ஐ2பிங்கிற நெட்வொர்க்ல, அதாவது யாருன்னு தெரியாம பேச, சைட் நடத்த உதவுற நெட்வொர்க்ல சேர்றதுக்கான ப்ரோக்ராம். டர்பன்ல நம்மாளுங்க சில பேர் பழைய ராஸ்பெர்ரி பைங்கிற கையடக்க கம்ப்யூட்டர்ல இதைப் போட்டு ஓட்ட ஆரம்பிச்சிருக்காங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. சி++ல எழுதினது, இதே வேலையைச் செய்யுற ஜாவா ப்ரோக்ராம் மாதிரி மெமரி கேக்காது, சின்ன பெட்டியே போதும். ஆனா வர்றவங்க எல்லாரும் அதே இடத்துலதான் போய் மாட்டுறாங்க. அப்டேட் பண்ணுங்க மாதிரி தெரிஞ்ச விஷயத்தையெல்லாம் விட்டுடறேன்.

கீ ஃபைலுக்கு காப்பி எடுக்காம விடுறது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். சாட்ஸ்வொர்த்ல ஒரு அண்ணன், வேலை செய்யுற இடத்துல நடக்குற அநியாயத்தை பேர் சொல்லாம எழுதுறதுக்குன்னு ஐ2பில ஒரு சைட் நடத்தினார், 2023ல லோட் ஷெடிங், அதாவது முறை வச்சு கரண்டை நிறுத்துறது, உச்சத்துல இருந்தப்போ கரண்ட் போய்ப்போய் வந்ததுல எஸ்டி கார்டு செத்துப்போச்சு. புது கார்டு போட்டு, கான்ஃபிக்லாம் பழையபடி எழுதி ஸ்டார்ட் பண்ணா எந்த எரரும் வரல, சைட்டும் ஓடுது. ஆனா அட்ரஸ் வேற!

ஏன்னா சைட்டோட 52 எழுத்து அட்ரஸ் (பி32ம்பாங்க) உங்க கீங்கிற ரகசிய சாவியிலேர்ந்துதான் வருது. உங்க டனலை, அதாவது சைட்டுக்குப் போற மறைவான வழியை, எழுதி வைக்கிற டனல்ஸ்.கான்ஃப்ல சொன்ன கீ ஃபைல் (.dat) இல்லன்னா ஐ2பிடி ஒரு வார்த்தை சொல்லாம புதுசா ஒண்ணு உண்டாக்கிக்கும். பழசை யாராலயும் மீட்டுத்தர முடியாது, போய் கேக்க ஒரு ஆபீஸும் கிடையாது. அதைவிட கொடுமை, பழைய அட்ரஸை வச்சிருந்தவங்க யாருன்னே அவருக்குத் தெரியாது, தெரியக்கூடாதுன்னுதானே சைட்டே, அப்புறம் புது அட்ரஸை யார்கிட்ட போய் சொல்றது? நம்பி எழுதினவங்க அத்தனை பேரும் போயிட்டாங்க.

பேக்கேஜா போட்டிருந்தா அந்த ஃபைல் /var/lib/i2pd ஃபோல்டர்ல இருக்கும், ஒரு கேபி கூட வராது. டனல் போட்ட அன்னைக்கே ரெண்டு யூஎஸ்பில எடுத்து வைங்க, என்கிரிப்ட் பண்ணி வைங்க, அது கையில கிடைச்சவன் உங்க சைட்டாவே வந்து நிக்கலாம்.

வெப் கன்சோலை வெளியில திறந்து விடுறது

ஐ2பிடி எப்படி ஓடுதுன்னு ப்ரௌசர்ல காட்டுற பக்கம் இது. வெளியில திறக்க வேண்டாம். 7070 போர்ட் 127.0.0.1லயே, அதாவது அந்த பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்.

ஃபயர்வால்டுன்னு வந்தா பதறுறது

வெளியிலேர்ந்து யாரும் உங்க பெட்டியை நேரா தொட முடியலன்னு கன்சோல் சொல்லுது, அவ்வளவுதான். மொபைல் டேட்டால சகஜம். ஓடும்.

பேண்ட்விட்த்தை தொடாம விடுறது

அடுத்தவங்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம்ங்கிறதை கான்ஃபிக்ல ஒரு எழுத்தா போடணும், சும்மா விட்டா எல் (L), அதாவது செகண்டுக்கு 32 கேபி. ஃபைபர் வச்சிருக்கவங்க ஓ (O, 256 கேபி) இல்ல பி (P, 2048 கேபி) போடுங்க, நெட்வொர்க்கே நாம கொடுக்குறதுலதான் நடக்குது.

டக்குனு நிறுத்துறது

ஒரு டனலுக்கு ஆயுசு 10 நிமிஷம், உங்க வழியா அடுத்தவங்க டனலும் போகுது. கன்சோல்ல கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் இருக்கு, ஓடுற டனல் முடியுற வரைக்கும் காத்திருந்து நிக்கும், கரண்ட் போற நேரம் முன்கூட்டி தெரிஞ்சா அதை அமுக்கிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

நேரத்தை பாக்காம ரீஇன்ஸ்டால் பண்றது

பை 4 வரைக்கும் போர்டுல கடிகாரமே கிடையாது. கரண்ட் வந்ததும் வைஃபை பெட்டி எழுந்திரிக்கிறதுக்குள்ள பை எழுந்துடும், நேரம் தப்பா நிக்கும், டனல் ஒண்ணும் கட்டாது, கன்சோல்ல கிளாக் ஸ்க்யூன்னு, அதாவது நேரம் தப்புன்னு காட்டும். மொதல்ல date கமாண்ட் அடிச்சு நேரத்தை பாருங்க, நெட்லேர்ந்து நேரத்தை எடுத்துக்கிறதுக்கு கான்ஃபிக்ல நெட்டைம் (nettime) பகுதியில enabled-ஐ ட்ரூ (true) பண்ணி வைங்க.