டை லைன் தரவுக்கு என்.ஆர்.டி.எல். சமன்பாட்டைப் பொருத்தப் போகிறீர்களா?

தண்ணீர், அசிட்டோன், டொலுவீன் மூன்றையும் குலுக்கி, 25 டிகிரியில் பிரியவிட்டு, இரண்டு அடுக்கையும் ஜி.சி.யில் (வாயு குரோமட்டோகிராஃப்) அளந்து ஏழெட்டு டை லைன், அதாவது சமநிலையில் நிற்கும் இரண்டு அடுக்கின் கலவைகளை இணைக்கும் கோடுகள், எடுத்துவிட்டீர்கள். சரி, என்.ஆர்.டி.எல். என்பது திரவக் கலவையின் நடத்தையைக் கணிக்கும் மாடல்; அதன் பாராமீட்டர்களைத் தேட உடனே சால்வர் மென்பொருளைத் திறக்காதீர்கள்.

குடுவையில் எடை போட்டு ஊற்றிய மொத்தக் கலவையை முக்கோண வரைபடத்தில் குறியுங்கள். அந்தப் புள்ளி டை லைன் மேலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால் அசிட்டோன் ஆவியாகப் போயிருக்கும், இல்லையென்றால் கீழடுக்கை உறிஞ்சும்போது மேலே நின்ற டொலுவீன் ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். டை லைன் தரவு சீராக இருக்கிறதா என்று பார்க்கும் ஒத்மர்-டோபியாஸ் கோடும் போடலாம், ஆனால் இரண்டு பக்கமும் மடக்கை எடுத்தபின் சுமாரான தரவும் நேர்கோடாகத்தான் தெரியும், பொருத்தத்தின் அளவு 0.99 வந்ததென்று குதிக்க வேண்டாம்.

வில்சன் சமன்பாடு இங்கே ஆகாது, திரவம் இரண்டாகப் பிரிவதை அதனால் காட்டவே முடியாது. ரெனானும் பிராஸ்னிட்ஸும் 1968-இல் தந்த என்.ஆர்.டி.எல். போதும். மூன்று ஜோடிக்கு ஆறு பாராமீட்டர், சமன்பாட்டின் இன்னொரு மாறிலியான ஆல்ஃபாவை 0.2 என்று நிறுத்திவிடுங்கள். தண்ணீர்-டொலுவீன் ஜோடியின் இரண்டையும் அவற்றின் பரஸ்பரக் கரைதிறனிலிருந்தே கணக்கிட்டுவிட்டால் தேட வேண்டியது நான்குதான்.

ஒவ்வொரு பொருளின் ஆக்டிவிட்டியும் (கலவையில் அதன் பயனுறு செறிவு) இரண்டு அடுக்கிலும் சமம் என்பதுதான் நிபந்தனை. இதில் ஒரு குழி இருக்கிறது: இரண்டு அடுக்கும் ஒரே கலவை என்று வைத்தாலும் சமன்பாடு திருப்தியாகிவிடும், ஆகவே அளந்த மதிப்புகளிலிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம் ஆர்.எம்.எஸ்.டி., அதாவது அளந்ததற்கும் மாடல் சொன்னதற்கும் உள்ள சராசரி வித்தியாசத்தின் அளவு. தண்ணீரில் டொலுவீன் லிட்டருக்குச் சுமார் அரை கிராம்தான் கரையும், மோல் பின்னத்தில் 0.0001 அளவு. மாடல் அதைப் பத்து மடங்கு தப்பாகச் சொன்னாலும் ஆர்.எம்.எஸ்.டி. அசையவே அசையாது, ஆனால் கழிவுநீரைச் சுத்தம் செய்பவருக்கு வேண்டியதே அந்த எண்தான். அதை மட்டும் விகிதப் பிழையாக எடுங்கள்.

கடைசியாக, அசிட்டோன்-தண்ணீர் ஜோடிக்கு மட்டும் கலக்குமா பிரியுமா என்று காட்டும் கலப்பின் கிப்ஸ் ஆற்றலை வரைந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை ஆர்.எம்.எஸ்.டி. அழகாக வந்தது, ஆனால் எந்த விகிதத்திலும் கலக்கும் இந்த இரண்டையும் மாடல் தனித்தனி அடுக்காகப் பிரித்துக் காட்டியது. ஆவி-திரவச் சமநிலைத் தரவிலிருந்து கிடைத்த மதிப்புகளை அந்த ஜோடிக்குத் தொடக்கமாகக் கொடுத்து, பாராமீட்டர் தேடும் எல்லையைச் சுருக்கி மறுபடி ஓட்டினேன். பிழை கொஞ்சம் ஏறியது, அறிக்கையில் அதையே போட்டேன்.