ஐ போடுவதா, மீ போடுவதா: மூன்று நாள் குழப்பம் தீர்ந்த விதம்

ஆங்கிலத்தில் எங்கே ஐ (I), எங்கே மீ (me) என்று எனக்குக் குழப்பம். அலுவலக மெயிலில் ‘ப்ளீஸ் கால் மை மேனேஜர் அண்ட் ஐ’ என்று எழுதி இரண்டு முறை திருத்தம் வாங்கினேன். ஐ, மீ, வீ, அஸ் என்று வரும் இலக்கண அட்டவணையை மனப்பாடம் செய்தேன், பயனில்லை. அப்புறம் ‘நான்’ வந்தால் ஐ, ‘என்னை’, ‘எனக்கு’ வந்தால் மீ என்று தமிழை வைத்துப் பார்த்தேன். ‘எனக்குத் தெரியும்’ என்ற இடத்தில் அது கவிழ்ந்தது. தமிழில் ‘எனக்கு’, ஆங்கிலத்திலோ ‘ஐ நோ’. பசிக்கிறது, பிடிக்கும், வேண்டும் எல்லாம் இதே கதைதான்.

கைகொடுத்தது இதுதான்: வாக்கியத்தில் கூட இருக்கும் ஆளை (இங்கே ‘மை மேனேஜர் அண்ட்’) விரலால் மறைத்துவிட்டுப் படிப்பது. ‘ப்ளீஸ் கால் ஐ’ என்று யாரும் சொல்வதில்லை. சரி, அப்படியானால் மீ.

‘பிட்வீன் யூ அண்ட் மீ’யில் மட்டும் மறைக்க முடியாது, பிட்வீனுக்கு இருவர் வேண்டும். யூ எங்கும் ஒரே உருவம், அதுவும் துப்புத் தராது. அங்கே இருவரையும் ஒன்றாக்கினேன்: ‘பிட்வீன் அஸ்’. ஐக்கு ஜோடியான வீ வரவில்லை, மீக்கு ஜோடியான அஸ் வந்தது; ஆகவே மீ. இப்போதுதான் நிம்மதி.