செல்டிக் முடிச்சுக் கோப்பை: கோணல் எங்கே உண்டாகிறது?

மரக் கோப்பையின் சுவரில் வேறு நிற மர வளையங்கள் பின்னியதுபோல் தெரியும் அலங்காரம்தான் செல்டிக் முடிச்சு. கட்டை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சுழலத் தொடங்கியதும்தான் முடிச்சின் கோணல் கண்ணில் படும். அது உண்டானதோ ரம்பத்தில் அறுத்தபோது. அதற்கப்புறம் எந்த உளியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

செய்முறை சின்னதுதான். சதுரக் கட்டையைச் சாய்வாக அறுத்து, அந்தப் பிளவில் வேறு நிற மரத்தில் அறுத்த மெல்லிய பட்டையை வைத்து ஒட்டவேண்டும். பசை காய்ந்ததும் கட்டையை அடுத்த பக்கத்துக்குத் திருப்பி, அதே இடத்தில் மறுபடி அறுக்கவேண்டும். நான்கு பக்கமும் முடிந்து கடைந்தால், சாய்ந்த வளையங்கள் ஒன்றோடொன்று பின்னியதுபோல் தெரியும். எல்லாப் பட்டையும் ஒரே நிறமென்றால் கவலையில்லை. நிறம் மாறினால், கடைசியாக ஒட்டியதுதான் எல்லாவற்றுக்கும் மேலே ஓடும். அதனால் வரிசையை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கோணலுக்குக் காரணம் பட்டையின் தடிமன். ரம்பம் எவ்வளவு மரத்தைத் தின்கிறதோ, பட்டையும் அதே அளவு இருக்கவேண்டும். வழக்கமான வட்ட ரம்பம் ஏறக்குறைய 3.2 மி.மீ. எடுக்கும், மெல்லியது 2.4 மி.மீ. ஆனால் இந்த எண்ணை நம்பிப் பட்டை அறுக்காதீர்கள். பிளேடு லேசாக ஆடினாலே வெட்டு அகலமாகிவிடும். கழிவுக் கட்டையில் ஒரு வெட்டுப் போட்டு, அதில் பட்டையைப் பொருத்திப் பாருங்கள். விரலால் தள்ளினால் போகவேண்டும், தானாக விழக்கூடாது. அரை மி.மீ. கூடினால்கூடக் கட்டையின் ஒரு பாதி நகர்ந்து, முன்பு ஒட்டிய பட்டையின் இரு துண்டுகளும் நேர்க்கோட்டில் சேராது. நான்காவது வெட்டுக்குள் பிழை நன்றாகத் தெரியும். இறுக்கமான பட்டையைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் கட்டையே வளையும்.

கட்டை சரியான சதுரமா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பவர்கள்கூட, பிதுங்கிய பசையை மறந்துவிடுகிறார்கள். காய்ந்த பசைத் துளி அடியில் சிக்கினால் கட்டை எழும்பி, வெட்டு இடம் மாறும். ஒவ்வொரு முறையும் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த வெட்டு. நீர் சார்ந்த சாதாரண மரப்பசை முழு வலுப்பெற ஒரு நாள் ஆகும். அந்த அவகாசத்தைக் குறைக்காதீர்கள்.

முழுவதும் அறுத்துத் துண்டாக்குவதும் வேண்டாத வேலை. அடியில் 2 மி.மீ. விட்டுவைத்தால் இரு பாதிகளும் விலகாது. 80 மி.மீ. கோப்பைக்கு 86 மி.மீ. கட்டை எடுத்தால், அந்த மிச்சம் கடைசலில் போய்விடும். லேத்தில் மாட்டும்போது மையம் தவறினாலும் வளையங்கள் சமமாக வராது. மூலைவிட்டங்கள் வரைந்தே மையம் குறியுங்கள்.

கோணத்தையும் கணக்கிட வேண்டும். நேர்க்குறுக்கு வெட்டிலிருந்து 45 பாகை சாய்த்தால், முடிச்சின் நீளம் கோப்பையின் விட்டத்துக்குக் குறையாது. 80 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. உயரமும் உள்ள கோப்பையில் அது விளிம்புவரை நெருக்கும். 30 பாகை என்றால் சுமார் 46 மி.மீ.தான். கோப்பை வாய் விரிந்திருந்தால் மேல் வளைவு கீழ் வளைவைவிட நீளும்; தெரிந்தே செய்தால் அழகு.

பேனா, கைப்பிடி போன்றவற்றுக்கு இல்லாத ஒரு சிக்கல் கோப்பைக்கு உண்டு. பட்டை சுவரைத் துளைத்து உள்ளேயும் தெரியும், ஒட்டிய இடமும் நனையும். பசைக் குப்பியில் 'நீர் புகாது' என்றிருந்தால் சூடு தாங்கும் என்று பொருளில்லை. சாதாரண மரப்பசை வெந்நீரில் இளகும். சூடான பானம் ஊற்றுவதாக இருந்தால் உள்ளே எவர்சில்வர் குவளை பொருத்துவதே நல்லது.

எண்ணெய்ப்பசை உள்ள தேக்கு, ஈட்டி போன்றவற்றை ஒட்டுமுன் அசிட்டோனால் துடையுங்கள். படாக் என்ற சிவப்பு மரத்தின் தூள் வெளிர் நிற மேப்பிள் மரத்தில் ஏறினால் போகாது. உப்புத்தாள் போடுமுன் ஷெல்லாக்கை (அரக்கு மெருகெண்ணெயை) மெல்லியதாகப் பூசுங்கள், தூளைத் துடைக்காமல் காற்றால் ஊதுங்கள். கடையத் தொடங்கும்போது வேகம் குறைவாக இருக்கட்டும், முகம் முழுதும் மறைக்கும் தடுப்புக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டு விட்டால் துண்டு பறக்கும்.