கரண்டியில் நிற்காத கூழ்: குழந்தைக்கு மசித்துக் கொடுப்பதில் நடக்கும் தவறுகள்

என் மூத்த மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வீட்டில் முதலில் கொடுத்தது பருப்புத் தண்ணீர். வெந்த பாசிப்பருப்பின் மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்து, பாலாடையில் ஊற்றிப் புகட்டினோம். சமர்த்தாகக் குடித்தாள். ஆனால் இரண்டு மாதமாக எடை ஏறவே இல்லை. குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அந்தப் பருப்பை யாரம்மா சாப்பிடுறீங்க?" என்றார். அன்று எனக்குப் புரிந்ததைத்தான், இப்போது இணை உணவு தொடங்கும் ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்கிறேன்: தண்ணீரைக் குறையுங்கள்.

கைக்குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு சுமார் 30 மில்லிதான் கொள்ளும். 7 கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 200 மில்லி, ஏறக்குறைய ஒரு டம்ளர். ஆறு முதல் எட்டு மாதம் வரை, தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு சுமார் 200 கலோரி உணவிலிருந்து கிடைக்க வேண்டும். அந்தச் சின்ன வயிற்றைச் சோறு வடித்த கஞ்சியாலும் பருப்புத் தண்ணீராலும் காய்கறி வேகவைத்த நீராலும் நிரப்பிவிட்டால், குழந்தை வயிறு நிறைந்து தூங்கும். சத்து மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது. பருப்பின் புரதம் அடியில் தங்கும் பருப்பிலேயே இருக்கிறது. அதை மசித்துச் சோற்றோடு குழைத்து, அரை ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்கள். நெய்யும் எண்ணெயும் அளவைக் கூட்டாமல் கலோரியைக் கூட்டும்.

பதம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மசியலைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று வழியக் கூடாது, மெல்ல நழுவ வேண்டும். "கெட்டியாக இருந்தால் விக்கிக்கொள்ளுமே" என்று பாட்டிமார் பயப்படுவது நியாயமான பயம்தான். கேழ்வரகுக் கூழ் ஆறியதும் களி மாதிரி இறுகிவிடும். அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். கெட்டியாகக் காய்ச்சிய கூழைச் சற்று ஆறவிட்டு, முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினால் சில நிமிடங்களில் கூழ் தானாக நெகிழும். முளையில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். சத்து அப்படியே இருக்க, கூழ் மட்டும் இளகிவிடும். ஃபீடிங் பாட்டிலின் ரப்பர் ஓட்டையைப் பெரிதாக்கி, கூழைக் கரைத்து ஊற்றுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். அதில் புரையேறும் ஆபத்து உண்டு, குழந்தை மெல்லவும் பழகாது.

அடுத்த தவறு மிக்சியை விடாமல் பிடித்துக்கொள்வது. ஆறாம் மாதத்தில் நைசாக அரைப்பது சரி. ஏழு, எட்டு மாதமானால் மத்தாலோ கையாலோ மசித்தால் போதும். எட்டு மாதத்துக்கு மேல் குழையவெந்த காரட் துண்டு, இட்லி விள்ளல் என்று கையில் பிடித்துத் தின்னக் கொடுக்கலாம். பல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், ஈறே நன்றாக மசிக்கும். பத்து மாதம் தாண்டியும் கட்டியில்லாத மசியல் மட்டுமே தின்று வளர்ந்த குழந்தைகள், பின்னால் சோற்றுப் பருக்கையைக் கண்டாலே துப்புவதுண்டு. முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பச்சைக் காரட் இவற்றை மட்டும் தள்ளி வையுங்கள்.

மிக்சி என்றதும் இன்னொன்று. மிளகாய்த்தூள் அரைத்த ஜாரிலேயே குழந்தைக்கும் அரைப்போம், மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவ மாட்டோம். பழைய சட்னி அதன் அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். முடிந்தால் தனிச் சின்ன ஜார் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் மசியலும் காரட் மசியலும் மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பதும் இப்போது அதிகம். பிறக்கும்போது குழந்தை கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் அது குறைவு, பழத்திலும் இல்லை. கேழ்வரகை இரும்புக்காகப் புகழ்கிறோம், உண்மையில் அதன் பெருமை கால்சியம்: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். இரும்புக்கு ஈரல், மீன், கறி நல்லது. சைவ வீடுகளில் பருப்பு, பயறு மசியலில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும்.

ஊட்டத் தொடங்கிய முதல் மாதத்திலேயே இருபது தானியம் போட்டுத் திரித்த சத்துமாவு வேண்டாம். தடிப்போ வாந்தியோ வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதற்காக முட்டையையும் வேர்க்கடலையையும் ஒரு வயதுக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளிடம் நடந்த லண்டன் ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. வேர்க்கடலையைச் சீக்கிரமே தொடங்கியவர்களுக்கு அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. வறுத்து நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். குழந்தைக்குக் கரப்பான் என்னும் தோல் அரிப்பு கடுமையாக இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையே இல்லை. பனங்கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். நமக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குப் புது ருசி. தேனை நாக்கில் தடவும் வழக்கத்தை ஒரு வயது வரை கண்டிப்பாக நிறுத்துங்கள். தேனில் இருக்கக்கூடிய க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும். வீட்டு அடுப்புச் சூட்டில் அந்த வித்துகள் சாவதில்லை.

கடைசியாக, காலையில் அரைத்து மேடையில் மூடி வைத்து மதியமும் ஊட்டுவது. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். மொத்தமாகச் செய்தால், குளிர்ந்த நீரில் பாத்திரத்தை இறக்கிச் சீக்கிரம் ஆறவைத்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதம் வரை தாங்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் என்றால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மின்சாரம் போய் ஐஸ் கரைந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். கீரை, பீட்ரூட் மசியலை எடுத்து வைக்காமல் அவ்வப்போது செய்துகொள்ளுங்கள். எடுத்ததை ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்கி, ஆறவிட்டு ஊட்டுங்கள். அப்புறம், குழந்தையின் வாய்க்குப் போன கரண்டி திரும்பவும் நுழைந்த கிண்ணத்தில் எச்சில் கலந்துவிடும். அந்த மிச்சம் அடுத்த வேளைக்கு ஆகாது. ஊட்டுவதற்கென்று தனிக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி மட்டும் எடுங்கள். அது தீர்ந்து, குழந்தை இன்னும் வாயைத் திறந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.