ஹெபடைட்டிஸ் பி: ஒன்றரை மாதம் காத்திருக்கக் கூடாத ஊசி

"குழந்தை கொழுகொழுன்னு இருக்கு, இதுக்குப் போய் கல்லீரல் நோயா?" ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது என்று சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். காமாலை வந்தால்தான் நோய் என்று நம்புவதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

பெரியவர்களுக்குத் தொற்றினால் உடல் வைரஸை எதிர்த்துச் சண்டை போடும். காமாலை அந்தச் சண்டையால் வருவது. பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுவார்கள். பச்சிளம் குழந்தையின் உடலுக்கோ அது எதிரி என்றே தெரிவதில்லை. சண்டையும் இல்லை, காமாலையும் இல்லை, வைரஸும் போவதில்லை. பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் 100க்கு சுமார் 90 பேரிடம் அது தங்கிவிடுகிறது. பெரியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவு. பல வருடங்கள் கழித்து அது கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம்.

இதைத் தடுக்க ஊசி இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் "ஒன்றரை மாத ஊசியோடு சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான். ஒன்றரை மாதத்தில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியிலும் ஹெபடைட்டிஸ் பி மருந்து உண்டு, உண்மைதான். ஆனால் வைரஸ் பிரசவத்தின்போதே நுழைகிறது. ஆறு வாரத்தில் அது குடியேறிவிடும். முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் 12 மணி நேரத்துக்குள், கூடவே வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும். அதனால் கர்ப்பகாலப் பரிசோதனை முடிவு ஃபைலுக்குள் தூங்கக் கூடாது. பிரசவ அறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பயந்துபோய் தாய்ப்பாலை நிறுத்துபவர்களும் உண்டு. ஊசி போட்ட குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். முலைக்காம்பில் வெடிப்பு, ரத்தக் கசிவு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுவது. தாய்க்குத் தொற்று இருந்தால், தொற்று இல்லையா, ஊசி பலித்ததா என்று ஒன்பது மாதம் முடிந்ததும் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். தட்டம்மை ஊசிக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

கீழாநெல்லி? அது இந்த வைரஸை விரட்டும் என்று 1988இல் சென்னை ஆய்வு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வெளியாகி நம்பிக்கை தந்தது. பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. வைரஸ் தங்கிவிட்ட குழந்தைக்கு உடனே மாத்திரை தேவைப்படாமல் இருக்கலாம்; மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை மட்டும் தவறக் கூடாது. அதே வீட்டில் அப்பாவுக்கும் முன்னால் பிறந்த பிள்ளைக்கும் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். அவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.