வடை மடித்த தாளில் ஒரு ஆதார்

போன மாதம் வேலூர் காந்தி ரோட்டில் ஒரு டீக்கடையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால், ஆதார் ஜெராக்ஸ். மேற்கு வங்க முகவரி. 12 எண்ணும் எண்ணெயில் பளபளத்தன. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்தவராக இருக்கும். ஏதோ லாட்ஜில் எடைக்குப் போட்ட கட்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் மீதிக் கட்டும் இருந்தது.

இங்கே கடை, லாட்ஜ்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். “எங்ககிட்ட திருட என்ன சார் இருக்கு?” என்று கேட்காத முதலாளி கிடையாது. ஊர்ப்பட்ட ஜனங்களின் அடையாள அட்டை இருக்கிறதே, அது போதாதா?

ஜெராக்ஸாவது பரவாயில்லை. ரிசப்ஷன் பையன் சொந்த போனில் ஆதாரைப் படம் எடுக்கிறான். அது அவனுடைய ஜிமெயில் கணக்கில் தானாக ஏறிவிடுகிறது. நாளைக்கு அவன் வேலையை விட்டு ஓசூர் போனால் படங்களும் கூடவே போகும். கவுன்ட்டருக்கென்று தனி போன் வாங்கிப் போடுங்கள், அதில் ஆட்டோ பேக்கப்பை அணைத்து வையுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை யாராவது நீட்டினால் முகம் சுளிக்காதீர்கள். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த ஜெராக்ஸைக் கிழித்துப் போடுங்கள். எடைக்குப் போட்டால் ஒரு டீ காசு வருமா?

அடுத்து, கடைக் கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேர். பேக்கப் எங்கே என்றால் சிபியு பின்னால் வருஷக்கணக்கில் சொருகியே கிடக்கும் பென்டிரைவைக் காட்டுவார்கள். 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னாக்ரை மாதிரி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ், கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். காப்பி எடுத்ததும் பிடுங்கி வீட்டு பீரோவில் வையுங்கள். மாதம் ஒரு தடவை வேறு சிஸ்டத்தில் திறந்தும் பாருங்கள். திறக்க மறுத்த பேக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டி கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்றே நின்றுவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிக்காரர்களுக்கு வேறு தலைவலி. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்” என்று கெமிக்கல் சப்ளையர் பெயரில் மெயில் வரும். முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் வேறாக இருக்கும். சப்ளையரின் பாஸ்வேர்டே பறிபோயிருந்தால் அந்த வித்தியாசமும் இருக்காது. மெயிலில் போட்ட எண்ணை நம்பாமல், பழைய பில்லில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். மச்சானுக்குத் தெரிந்தால் சிரிப்பானே என்று ஒரு நாள் தள்ளினால், பணம் நாலைந்து கணக்கு தாண்டியிருக்கும்.